அறிக்கை கேட்கும் சட்டம்

சட்டமும் ஒரு பிரதிதான். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசப்படுகிறது, யாருக்குப் பேச இடமே இல்லை என்கிற கேள்விகளைக் கவிதையிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. கனடாவில் 2023இல் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை எடுத்துக்கொள்வோம். விநியோகச் சங்கிலிகளில் கட்டாய உழைப்பையும் குழந்தை உழைப்பையும் எதிர்த்துப் 'போராடும்' சட்டம் என்று பெயர்.

பெயரைத் தாண்டி உள்ளே போனால் போராட்டத்தைக் காணோம். பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் மே 31க்குள், கட்டாய உழைப்பின் 'அபாயத்தை'க் குறைக்க என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். தராவிட்டால், பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம். ஒன்றுமே செய்யவில்லை என்று உண்மையை எழுதிவிட்டால்? குற்றமில்லை. இறக்குமதித் தடை தனியாக இருக்கிறது. அது சரக்கைத்தான் தடுக்கும், சுரங்கத்துக்குள் இருப்பவர்களுக்கு எதுவும் தராது. நஞ்சாகும் ஆறும் நிலமும் இந்தப் பிரதிக்குள் வரவே இல்லை.

முன்பு வந்திருந்தன. வெளிநாட்டுச் சுரங்கங்களில் நடக்கும் மனித உரிமை, சுற்றுச்சூழல் மீறல்கள் இரண்டையும் பற்றிப் புகார் கேட்கவும், தவறிய கம்பெனிக்கு அரசு நிதியுதவியை நிறுத்தவும் ஜான் மெக்கே கொண்டுவந்த மசோதா சி-300, 2010 அக்டோபரில் 134க்கு எதிராக 140 வாக்குகளில் தோற்றது. 2023 சட்டத்தை மக்களவையில் முன்னெடுத்ததும் இதே மெக்கேதான். 13 ஆண்டுகளில் ஒரே மனிதரின் கோரிக்கை அறிக்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதை அவருடைய பலவீனமாகப் பார்ப்பது எளிது. எது 'சாத்தியமான' கோரிக்கை என்பதைத் தீர்மானிப்பது எந்த அதிகாரம் என்று பார்ப்பதே விமர்சனம்.

இதற்கிடையில் வேறொரு குரல் கேட்டது. எரித்ரியாவின் பிஷா சுரங்கத்தில் அப்போது 60 விழுக்காடு கனடாவின் நெவ்சன் கம்பெனிக்கும் 40 அந்நாட்டு அரசுக்கும் இருந்தன. சட்டப்படி 18 மாதம் என்றிருந்த தேசிய சேவை முடிவில்லாமல் நீட்டப்பட்டு, தங்களிடம் அங்கே கட்டாய வேலை வாங்கப்பட்டது என்று மூன்று எரித்ரியர்கள் 2014இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வழக்குப் போட்டார்கள். நெவ்சன் மறுத்தது. 2020 பிப்ரவரி 28இல் உச்ச நீதிமன்றம், இந்த வழக்கை விசாரணையில்லாமல் தள்ளிவிட முடியாது என்றது. அதே ஆண்டு சமரசம், விவரம் ரகசியம். சாட்சிக் கூண்டில் யாரும் ஏறவில்லை.

ஆனாலும் அங்கே தொழிலாளி வாதி: 'என்னை வேலை வாங்கினாய், பதில் சொல்.' 2023இன் பிரதியில் அதே ஆள் கம்பெனி கணக்கிட வேண்டிய ஓர் அபாயம், அவ்வளவுதான். அவர் வழக்குத் தொடர இந்தச் சட்டம் எந்தப் புது உரிமையும் தரவில்லை.

அறிக்கைகள் நமக்கு ஆயுதமாகும் என்கிறார்கள் நண்பர்கள். சரி, ஆகட்டும். ஆனால் அதை எழுதுவது யார்? குற்றம் சாட்டப்பட வேண்டியவரே. பிரான்ஸின் 2017 சட்டம், குறைகள் இருந்தாலும், மனித உரிமை, சுற்றுச்சூழல் இரண்டிலும் பெருங்கம்பெனிகளுக்குக் கடமை விதித்து, கடமை தவறினால் நீதிமன்றம் போக வழியும் வைத்தது. ஆக, செய்ய முடியாதது ஒன்றுமில்லை. அறிக்கைகளை வரிக்கு வரி வாசிப்போம். கேட்க வேண்டியது மட்டும் இன்னொரு அறிக்கை அல்ல, வழக்குப் போடும் உரிமை.