நகலுக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

மியூசியங்களில் எனக்குப் பிடிக்காத வாசகம், 'தொடாதீர்கள்'. அசல் எலும்புக்கு முன்னால் எழுதியிருந்தால் நியாயம். எலும்பை அச்செடுத்து, பிளாஸ்டரிலோ ரெசினிலோ வார்த்த நகலையும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, பக்கத்தில் அதே போர்டை மாட்டினால் எப்படி? தொட முடியாதென்றால் நகல் எதற்கு?

மான் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னங்காலில் முழங்கால் பின்பக்கம் மடிவது மாதிரி தெரியும். அது முழங்காலே இல்லை, குதிகால்! மான் ஆயுசு பூரா விரல் நுனியில்தான் நிற்கிறது. நம் உள்ளங்கையில் ஐந்து எலும்புகள். மானின் முன்னங்காலில் அவற்றில் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டி, ஒரே நீளத் தண்டாகிவிட்டன. ஒட்டிய இடத்தில் ஓடும் பள்ளத்தை ஒரு பையன் தடவிப் பார்த்துவிட்டு, தன் உள்ளங்கையையும் தடவிப் பார்க்கட்டும். பரிணாமத்தில் பாதிப் பாடம் முடிந்தது.

கொம்பும் அப்படித்தான். தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழம்புகிறோம். மாட்டுக் கொம்பு, எலும்பின் மேல் நகம் மாதிரிப் பொருளால் ஆன உறை, விழாது. மான் கொம்பு முழுக்க எலும்பு. வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். கழன்று விழுந்த அடிப்பாகத்தின் சொரசொரப்பு கண்ணாடிக்கு வெளியே நின்றால் கைக்குத் தெரியுமா?

அதற்காக அசலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஐரிஷ் எல்க் என்ற ராட்சச மானின் கொம்பு, நுனிக்கு நுனி 3.6 மீட்டர் வரை இருக்கும். அந்த மான் சைபீரியாவில் சுமார் 7,700 வருஷம் முன்பு வரை உயிரோடு இருந்ததாக, 2004-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. காட்டிக் கொடுத்தது அசல் எலும்பில் மிச்சமிருந்த கார்பன். பிளாஸ்டரில் அது கிடைக்காது. ஆக, அசல் பத்திரமாக ஆராய்ச்சியாளருக்கு, நகல் குழந்தைகளுக்கு.

இன்னொன்று, நகலென்றால் 'நகல்' என்று பெரிதாக எழுதி வையுங்கள். 2011-ல் இங்கிலாந்தின் டிரிங் மியூசியத்தில் புகுந்த திருடர்கள் காண்டாமிருகக் கொம்புகளைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். இரண்டுமே டூப்ளிகேட்! திருட்டுக்குப் பயந்து மியூசியம் முன்பே மாற்றிவைத்திருந்தது. திருட வந்தவனுக்கே தெரியவில்லை. டிக்கெட் வாங்கி வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடியைக் கழற்றுங்கள் சார். குழந்தைகள் தொடட்டும், தூக்கட்டும். கீழே போட்டு உடைத்தால்தான் என்ன? அச்சு இருக்கிறது, இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.