எந்த மரத்து நிழல்?

கருங்குழியை ஒட்டிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் பித்தளை டபராவில் டிகிரி காபி தரும் கடைகள் பெருகிவிட்டன. ஏரியும் நெல்லுமாக வாழும் ஊர் இது. காபிச் செடியை நேரில் பார்த்தவர்கள் இங்கே குறைவு. நமக்குத் தெரிந்ததெல்லாம் காபித்தூள் பொட்டலம்தான். அதில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எந்த மரத்தடியில் விளைந்தது என்று மட்டும் இருக்காது. மலைக்காபியின் நன்மை தீமை இரண்டையும் எடைபோட வேண்டிய இடம் அந்த மரத்தடிதான்.

கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் உள்ள பழைய தோட்டங்களில் பலாவும் அத்தியும் முள்முருங்கையும் குடை பிடிக்கும். மரத்தில் மிளகுக்கொடி, இடையிடையே விருப்பாட்சி மலைவாழை. கீழே கிடக்கும் சருகைக் கையால் விலக்கினால், வெயில் காலத்திலும் கறுத்த மண் ஈரமாக விரலில் ஒட்டும். அடைமழை அடித்தாலும் அந்த மண் அவ்வளவு எளிதில் கரைந்தோடாது. அராபிகாவைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் படும் தண்டைத்தான் தேடிப்போய் முட்டையிடும். அதனால் விவசாயிக்கு நிழல் என்பது பயிர்க்காவல். தனிப்பயிராகக் காபியை நம்பிய இலங்கை மலைகளில் 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது.

ஆனாலும், காபித் தோட்டமும் காடும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த பிறகு, தோட்டங்கள் விரிந்தது காட்டை அழித்துத்தான். மொட்டை மலையில் அடுக்கடுக்காகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவதைவிடக் காபி எவ்வளவோ மேல். அந்த அளவோடு புகழ்ந்தால் போதும்.

இன்று அந்த நிழலே மாறிவருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரம் வேகமாக வளரும், நேராக நிற்கும், மிளகுக்கு நல்ல கொழுகொம்பு, பிளைவுட்டுக்கும் விலைபோகும். அத்தி தரும் பழத்தை அது தராது. பழந்தின்னிப் பறவைக்கும் மலையணிலுக்கும் அங்கே என்ன வேலை? இருந்தும் விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியக் காபி விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவர்கள் 25 ஏக்கருக்கு உட்பட்ட சிறு விவசாயிகள். முடிக்கொத்து நோயில் மலைவாழையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு, அவசரத்துக்கு வெட்டி விற்க ஒரு மரம் வேண்டியிருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் அந்தப் பரிவு எனக்கு இல்லை. பழத்தோலை உரித்து, கொட்டையை ஊறவைத்துக் கழுவிய நீர் புளித்து நாறும். ஓடையில் கலந்தால் அதிலுள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். கீழ்ப் பழனியின் நீர் மருதாநதி அணைக்கு இறங்கி வயலுக்குப் பாய்கிறது. மேலே கழுவுநீரைக் குழிவெட்டித் தேக்கிச் சுத்திகரிக்காத எந்தத் தோட்டத்துக்கும் பசுமைச் சான்றிதழ் பொருந்தாது.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. நல்ல விலைதான், ஆனால் எனக்குப் பயமும் அதில்தான். கூடுதல் விளைச்சலுக்கு ஆசைப்பட்டு நிழலைக் கழித்தால், அத்தியை வெட்டிய தோட்டத்துக் காபியும் அத்தியைக் காப்பாற்றிய தோட்டத்துக் காபியும் ஒரே மூட்டையில் ஒரே விலைக்குத்தான் போகும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்றிதழை வாங்கும் செலவு சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. அதைக் காபி வாரியமோ கூட்டுறவுச் சங்கமோ ஏற்க வேண்டும். பொட்டலத்தில் சிக்கரிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்களே, அதன் கீழே மலையின் பெயரையும் நிழல்மரத்தின் பெயரையும் அச்சிடட்டும். கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் நான் கொடுப்பேன்.