கண்டிப்பு எதைக் காக்கிறது?

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பெற்றோர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். பள்ளியில் அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் அப்படியொரு தடை இல்லை. ஆனால் அங்கேயும் தண்டனையின் வடிவம் மாறியிருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் போனைப் பிடுங்கு, எதிர்த்துப் பேசினால் போனைப் பிடுங்கு, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை என்றாலும் போனைப் பிடுங்கு. பதின்பருவத்துப் பிள்ளைகளிடையே சீண்டலும் இணையவழித் துன்புறுத்தலும் பெருகிவிட்டன என்ற பேச்சு எழுந்தால், "வீட்டில் கண்டிப்பு இல்லை, அதுதான் காரணம்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. அந்தக் கண்டிப்பு எதைச் செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும்.

கண்டிப்பின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரையறை இல்லாத வீடு பிள்ளைக்கு நல்லதில்லை. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரின் போக்கை மூன்றாகப் பிரித்தார்: ஆணையிட்டு அடக்குவது, எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பது, அன்போடும் காரணத்தோடும் எல்லை வகுப்பது. எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது என்ற நான்காவது வகையை 1983-இல் மக்கோபியும் மார்ட்டினும் சேர்த்தார்கள். மூன்றாவது வகையே நல்ல பலன் தருகிறது என்று பாம்ரிண்ட் சொன்னார். அந்த வகையிலும் விதிகள் உண்டு, "கூடாது" உண்டு. பள்ளிச் சீண்டல் குறித்த ஆய்வுக்கே வழி திறந்த டான் ஓல்வேயஸ், ஸ்வீடன் நாட்டுச் சிறுவர்களை ஆராய்ந்து 1980-இல் எழுதியதையும் இங்கே நினைக்க வேண்டும். பிள்ளையின் முரட்டுத்தனத்தைத் தாய் தடுக்காமல் விட்டுவிடுவது அந்த முரட்டுத்தனம் வளரும் காரணங்களில் ஒன்று என்றார். "ஆம்பளப் பையன் அப்படித்தான் இருப்பான்" என்று சிரித்துக்கொண்டே நாம் விட்டுவிடும் இடம் அதுதான்.

இன்னொரு நியாயமும் உண்டு. மேற்கத்திய அளவுகோலை எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருத்த முடியாது என்று சீனக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் சாவ் 1994-இல் வாதிட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடக்குமுறையாகத் தெரிவது அந்தப் பிள்ளைகளுக்கு அக்கறையாகவும் பயிற்சியாகவும் தெரிகிறது என்பது அவர் கருத்து. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். கூலி வேலைக்குப் போய்வந்து, தான் படிக்காத பாடத்தைப் பிள்ளை படிக்கிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்த தாய்மார்களின் கண்டிப்பால் படித்து மேலே வந்தவர்கள் நம்மில் ஏராளம். அதை அடக்குமுறை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சிக்கல் கண்டிப்பு அச்சமாக மாறும்போது தொடங்குகிறது. அதே 1980 ஆய்வில் ஓல்வேயஸ் இன்னொரு காரணத்தையும் காட்டினார். பெற்றோர் அடியையும் மிரட்டலையும் கையாளும் வீட்டிலிருந்தும் முரட்டுப் பிள்ளை வருகிறான். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனைப் பணிய வைக்கலாம் என்பதை அவன் வீட்டில் தினமும் பார்க்கிறான். பள்ளியில் தன்னைவிட எளியவனைத் தேடுகிறான். லெரேயா, சமாரா, வோல்க் ஆகியோர் 2013-இல் 70 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய தகவல் அதில் இருந்தது. கடுமையும் புறக்கணிப்பும் நிறைந்த வீட்டுப் பிள்ளைகள் சீண்டலுக்கு ஆளாவது கூடுதலாக இருந்தது. தானும் அடிபட்டுப் பிறரையும் அடிக்கும் பிள்ளைகளிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. பொத்திப் பொத்தி வளர்ப்பதும் பிள்ளையை இலக்காக்குகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. பிள்ளையின் எல்லாச் சண்டையையும் பெற்றோரே போய்த் தீர்த்துவைத்தால் அது எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்வதே இல்லை.

ஆனாலும் கண்டிப்பின் பெரிய குறை என்று நான் கருதுவது பிள்ளையின் வாயை அது அடைத்துவிடுவதைத்தான்.

பிள்ளை வாய் திறக்காவிட்டால் பெற்றோருக்குத் தெரியாமலே போகும்; இணையவழித் துன்புறுத்தலின் தன்மை அப்படி. வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஃபேக் ஐடியிலிருந்து வரும் ஆபாசச் செய்திக்கும், மார்ஃபிங் செய்த படத்துக்கும், நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்யும் மீமுக்கும் ஓய்வு கிடையாது. ஒருவர் அழித்தாலும் இன்னொருவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். வகுப்பு முழுக்க அறிந்த ஒன்றை அறியாதவர்கள் பெற்றோர் மட்டுமே. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா ஆகியவற்றில் 44 நாடுகளிலும் பகுதிகளிலும் எடுத்த கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இப்படித் துன்புறுத்தப்பட்டதாக அது சொல்கிறது.

இவர்களில் எத்தனை பேர் வீட்டில் சொல்கிறார்கள்? ஜூவோனென், கிராஸ் ஆகிய இருவரும் அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் கேட்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 90 விழுக்காட்டினர் எந்தப் பெரியவரிடமும் சொல்லவில்லை. நாமே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சொன்ன காரணம், தெரிந்தால் பெற்றோர் இணையத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கே தண்டனையும் கிடைக்கிறது; அதனால் அது வாயை மூடிக்கொள்கிறது.

நம் ஊரில் பெண்பிள்ளையின் நிலை இதைவிடக் கடினம். படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்று அவள் சொன்னால், "நீ ஏன் போட்டோ போட்டே?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு போன் போகும். அடுத்து டியூஷன் போகும். சில வீடுகளில் படிப்பே நின்று மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்கிவிடும். இதையெல்லாம் அவள் முன்பே கணக்குப் போட்டிருப்பாள். மிரட்டுபவனும் அதே கணக்கைப் போட்டிருப்பான். வீட்டில் சொல்ல மாட்டாள் என்ற உறுதியில்தான் அவன் அடுத்த படத்தைக் கேட்கிறான். மகளின் மானத்தைக் காப்பதாக நம்பும் கண்டிப்பு அவனுக்குத் துணை போகிறது என்பதைப் பெற்றோர்கள் உணர வேண்டும்.

பிள்ளைக்குத் தெரியாமல் போனை நோண்டிப் பார்ப்பது தீர்வாகுமா? ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கேட்டு, ஸ்டாட்டினும் கெர்ரும் 2000-இல் ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்கள். பெற்றோரின் கண்காணிப்பு பிள்ளையைக் காக்கிறது என்று அதுவரை எழுதிவந்த ஆய்வாளர்கள் உண்மையில் அளந்தது, பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதை. அது எங்கிருந்து தெரிந்தது என்று பார்த்தால், பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னது. வேவு பார்த்தோ குடைந்து கேட்டோ அறிந்தது குறைவு. கட்டுப்பாடு கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. தான் நெருக்கப்படுகிறோம் என்று பிள்ளை உணரும்போது பலன் கெடுகிறது என்றார்கள். எல்சாசரும் உடன் ஆய்வாளர்களும் இணையவழித் துன்புறுத்தல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் கண்டதும் இதையொட்டியே இருக்கிறது. வெறும் தடைகளுக்குப் பலன் குறைவு. பிள்ளையோடு உட்கார்ந்து பேசி விதி வகுக்கும் வீடுகளில் பலன் கூடுதல்.

இந்த ஆய்வுகளுக்கும் குறை உண்டு. பெரும்பாலானவை ஒரே சமயத்தில் கேட்ட கேள்வித்தாள்கள். கடுமையான அப்பாவால் பிள்ளை முரடானானா, முரட்டுப் பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் அப்பா கடுமையானாரா என்பதை அவற்றை வைத்துத் தீர்த்துச் சொல்ல முடியாது. கிடைத்த தொடர்புகளும் பெரும்பாலும் சிறியவை. ஒரு பிள்ளை சீண்டுகிறது என்பதற்காக அதன் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இவை போதாது. பள்ளி, நண்பர் வட்டம், பிள்ளையின் இயல்பு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

என் பார்வையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பெற்றோர் எப்படி வளர்க்கிறார்கள் என்பதைப் பாம்ரிண்டின் இந்த வகைப்பாடு அளக்கிறது. எதைச் சொல்லி வளர்க்கிறார்கள் என்பதை விட்டுவிடுகிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியாது. +2 படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். காரணம் கேட்டபோது சொன்னார். புகார் பள்ளிக்குப் போனது. அதன்பின் இரவில் வீடு தேடி வந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள்; தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். இதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்கும் நெற்றி அடையாளங்களுக்கும் தடை உள்ளிட்ட பல பரிந்துரைகள் அதில் உண்டு.

வெட்டியவர்களின் வீட்டில் கண்டிப்பா, செல்லமா என்பது எனக்கு முதல் கேள்வியாகத் தோன்றவில்லை. மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்துக்கு என்ன பொருள் என்பது பதினாறு வயதுப் பையனுக்குப் பாடப்புத்தகத்திலிருந்து தெரியவராது. "அவன் நமக்குச் சமமா?" என்று சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. அன்பும் ஒழுங்கும் நிறைந்த, பாம்ரிண்டின் அளவுகோலில் நல்ல மதிப்பெண் பெறும் ஒரு வீடுகூட இந்தப் பேச்சைப் பேசலாம். நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படித்து, பெரியவர்களுக்கு அடங்கி நடக்கும் பிள்ளை, இரவில் சாதிப் பெருமை பேசும் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் இன்னொருவனை இழிவுபடுத்தலாம். அங்கே கண்டிப்பு குறைந்ததாகச் சொல்ல முடியாது. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கவில்லை, அவ்வளவுதான். மதிப்பெண்ணுக்கும் முடிவெட்டுக்கும் கோபப்படும் நாம், பிள்ளை இன்னொரு பிள்ளையின் நிறத்தையோ நடையையோ சாதியையோ கேலி செய்யும்போது எத்தனை முறை கோபப்பட்டிருக்கிறோம்?

இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவுசெய்து, அந்த விதியை நீங்களும் பின்பற்றுங்கள். எது நடந்தாலும் எங்களிடம் சொல்லலாம், சொன்னதற்காகப் போனை வாங்கிவைக்க மாட்டோம் என்ற வாக்குறுதியை இன்றைக்கே கொடுங்கள். பிரச்சினை வந்தபின் கொடுக்கும் வாக்குறுதியைப் பிள்ளை நம்பாது. சீண்டியது உங்கள் பிள்ளைதான் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், "எங்க பையன் அப்படிச் செய்ய மாட்டான்" என்று சண்டைக்கும் போகாதீர்கள், வீட்டுக்கு வந்து பெல்ட்டையும் எடுக்காதீர்கள். என்ன செய்தான், யாருக்கு எப்படி வலித்தது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்து, போய் மன்னிப்புக் கேட்கக் கூடவே நடங்கள்.

உங்கள் பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது; பெயரைச் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெற்றோரிடம் சொல்ல முடியாத பிள்ளையும் அதை அழைக்கலாம். அந்த எண்ணை உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.