தந்தத்தில் ஏறிய சிவப்பு

1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ், வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டார். முழுக்கச் சாய்வெழுத்தில் அச்சான முதல் நூல் அது. சில படிகள் காகிதத்தில் அல்லாமல் கன்றுத்தோலிலேயே அச்சாயின. பழைய லத்தீன் நூல்கள் பலவற்றின் அட்டையும் அதே தோல்தான். லத்தீன் கற்க வாய்த்த மிகச் சில பெண்களில் ஒருவரான இசபெல்லா தெஸ்தே, ஆல்டஸின் தோல்படிகளை விரும்பி வாங்கியவர்.

சேகரிப்பாளர்கள் இந்தத் தோலின் தந்த வெண்மையைப் போற்றுவார்கள். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து வந்த வெண்மை அது. அழகு எதன்மேல் எழுதப்படுகிறது என்ற கேள்வியை, உள்ளே இருக்கும் 'ஈனியட்' காவியத்திடமும் நான் கேட்க விரும்புகிறேன்.

பன்னிரண்டு காண்டங்கள்; ஏறத்தாழ 9,900 வரிகள். பிற்பாதியில் நடக்கும் போரில், லவீனியாவை மணப்பது யார் என்பதே பெரிய பிணக்கு. அவளோ ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. 12ஆம் காண்டத்தில், தாய் அமாத்தா அழுது மன்றாடும்போது அவள் முகம் சிவக்கிறது. செஞ்சாயம் ஏற்றிய இந்தியத் தந்தத்தை அதற்கு உவமையாக்குகிறார் வர்ஜில். சாயம் ஏற்றுவதற்கு அவர் இடும் வினைச்சொல்லுக்குக் கெடுத்தல், வன்முறைக்கு உள்ளாக்குதல் என்றும் பொருள்.

அது நாணமா, தூர்னஸ் மீது கொண்ட காதலா என்று அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். எனக்கு அது, பேச இடம் தரப்படாதவள் முகத்தில் விழுந்த காயமாகவே படுகிறது.

காவியத்தில் பேசும் பெண்கள் இல்லாமல் இல்லை. டைடோ பேசுகிறாள்; வாளில் உயிரை விடுகிறாள். அமாத்தா பேசுகிறாள், தூக்கிட்டுக்கொள்கிறாள். பேசாதவளே மணமகளாக எஞ்சுகிறாள். இதற்காக வர்ஜிலை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அந்த வினைச்சொல்லைத் தேர்ந்தவரும் அவர்தானே!

பெண்கள் இக்காவியத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதும் உண்டு. 1541இல் எலிசேன் தெ கிரென், டைடோவின் சாவோடு முடியும் முதல் நான்கு காண்டங்களைப் பிரெஞ்சில் தந்தார். 2008இல் சாரா ரூடனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதே ஆண்டு அர்சுலா லெ குவின், 'லவீனியா' நாவலில் அவளையே கதைசொல்லி ஆக்கினார்.

தோல்படி நமக்கு வேண்டியதில்லை. மலிவுப் பதிப்பு போதும். 12ஆம் காண்டத்தின் அந்த உவமையில் மொழிபெயர்ப்பாளர் எந்த வினையை இட்டிருக்கிறார் என்று பாருங்கள். வெறும் 'சாயமேற்றிய' என்று மட்டும் இருந்தால், மூலத்தில் உள்ள காயம் உங்கள் கண்ணுக்கு வராமலே போயிருக்கிறது.