பொய்யை முகத்தில் தேடுவதும் பெட்டியில் தேடுவதும்

பொய் சொல்பவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. 58 நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் மக்கள் மிகுதியாகச் சொன்ன அடையாளம் இதுவே. அதே ஆண்டு சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தனர். மெய்யையும் பொய்யையும் மக்கள் சரியாகப் பிரித்தறிந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 54 முறைதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 50 தேறும். விசாரணையே தொழிலாகக் கொண்டவர்களும் இதில் பெரிதாக விஞ்சவில்லை.

முகம் பார்க்கும் முறைக்குச் செலவில்லை, நேரமும் பிடிப்பதில்லை. அதனால்தான் அது நிலைத்திருக்கிறது. ஆனால் அகப்பட்டுவிடுவோமோ என்று பயப்படுபவருக்கும், உண்மையைச் சொல்லியும் நம்பமாட்டார்களோ என்று பயப்படுபவருக்கும் ஒரேபோல வியர்க்கும். மலேசியாவின் போர்ட் கிள்ளான் போன்ற பன்மொழித் துறைமுகத்தில் ஆபத்து இன்னும் கூடுகிறது. பெரியவர்முன் பார்வையைத் தாழ்த்துவதை மரியாதையாகக் கற்றவரும், பழகாத மொழியில் தடுமாறிப் பதில் சொல்பவரும் குற்றமே செய்யாமல் சந்தேகத்துக்கு ஆளாகின்றனர். இது சிறிய அநீதி அல்ல.

நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளக்கும் பொய் கண்டறியும் கருவிக்கும் இதே குறை உண்டு. செல்வி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல், சம்மதமின்றி இச்சோதனையை யார்மீதும் நடத்தக்கூடாது என்றது. சம்மதித்தாலும் சோதனை முடிவு தன்னளவில் சான்றாகாது. அதன்வழி பின்னர் கண்டெடுக்கப்படுவதையே சான்றாக ஏற்கலாம்.

உளவியலாளர்களும் முகத்தைவிட ஆதாரத்தை நம்பும் இந்தத் திசைக்கே வந்திருக்கின்றனர். கையிலுள்ள ஆதாரத்தை முதலில் காட்டாமல், முழுக் கதையையும் சொல்லவிட்டு, பிறகு ஒப்பிட்டுக் கேட்பது அவர்கள் வகுத்த முறை. மரியா ஹார்ட்விக் குழு சுவீடனில் காவல் பயிற்சி மாணவர்களிடம் இதைச் சோதித்தபோது, இம்முறையில் பயிற்சி பெற்றவர்கள் சுமார் 85 விழுக்காடும் பெறாதவர்கள் 56 விழுக்காடும் சரியாகக் கணித்தனர்.

போர்ட் கிள்ளானில் 2019 மே மாதம் நடந்ததும் ஒப்பிடும் வேலைதான். பொய்யான சரக்கு அறிவிப்போடு வந்த கழிவுக் கொள்கலன்களை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் முன்னிலையில் திறந்தபோது, ஆஸ்திரேலியாவின் அழுக்கடைந்த பால் பெட்டிகளும், பங்ளாதேஷின் குறுந்தட்டுகளும், பிரிட்டனின் கம்பிவடங்களும் வெளிவந்தன. அறிவிப்பைக் கொண்டுவந்தவரின் முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப்பார்த்திருந்தாலும் இவை தெரிந்திருக்காது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஆதாரம் முன்பே கையில் இருந்தாக வேண்டும். 2023இல் இருபதடி அளவில் 1.4 கோடிக் கொள்கலன்களைக் கையாண்ட துறைமுகத்தில் எல்லாவற்றையும் திறந்து பார்க்க இயலாது. எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஊகம் மறுபடி நுழைகிறது. தவிர, திறந்த பெட்டி அறிவிப்பு தவறு என்பதை மட்டுமே நிறுவும். அனுப்பியவர் ஏமாற்றினாரா, இறக்குமதியாளரா, அல்லது கிடைத்த தாளை நம்பிக் கையொப்பமிட்ட ஃபார்வர்டிங் ஏஜென்டா என்பதை அது சொல்லாது. அதற்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே, பொறுமையாக, அவரவருக்கு இயல்பான மொழியில் விசாரித்தே ஆகவேண்டும்.