வாக்குறுதி என்னும் சரக்கு: கூட்டுநிதி வீடியோ கேம்களும் தாம்பரத்துச் சீட்டும்

1

காசு வாங்கிக்கொண்டு பொருளைத் தராதவனுக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: ஏமாற்றுக்காரன். வசதியான சொல். சொல்லி முடித்துவிட்டால் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியதில்லை. ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்தது. ஆனால் 2012க்குப் பிறகு பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டித் தொடங்கப்பட்ட வீடியோ கேம்களின் கதையைப் பார்க்கும்போது இந்தச் சொல் நமக்கு அதிகம் உதவவில்லை. பெரிதாகப் பேசப்பட்ட தோல்விகள் பலவற்றில் ஏமாற்றியவர் என்று கைகாட்ட யாரும் இல்லை. வேலை நடந்தது, சம்பளம் போனது, பணம் தீர்ந்தது, கேம் மட்டும் வரவில்லை. அல்லது வருஷக்கணக்கில் தாமதித்துப் பாதியாக வந்தது. இதைத் தனிமனித ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், காசு கொடுப்பவருக்கும் படைப்பவருக்கும் இடையில் உருவாக்கப்பட்ட ஓர் உறவின் அமைப்பாக வாசிக்க முடியுமா என்பதே என் கேள்வி.

வீடியோ கேமைப் பற்றி எழுத இதுதானா இடம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். முன்பணம் வாங்கிப் பின்னால் படைப்பைத் தருகிற பழக்கம் நமக்கு அவர்களைவிடப் பழசு. ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா, முன்வெளியீட்டுத் திட்டம், மாற்று சினிமாவுக்கான வசூல் எல்லாம் இதே உறவின் வடிவங்கள்தான். அங்கே கோடிகளில் நடந்தது இங்கே நூறுகளில் நடக்கிறது, அவ்வளவுதான்.

2

கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் 2009இல் தொடங்கியது. ஒருவர் தன் திட்டத்தையும் அதற்கு வேண்டிய தொகையையும் அறிவிப்பார். குறித்த நாளுக்குள் முழுத்தொகை சேர்ந்தால்தான் பணம் அவர் கைக்குப் போகும். கொஞ்சம் குறைந்தாலும் ஒரு காசு கிடையாது. சேர்ந்ததில் 5 சதவீதம் நிறுவனத்துக்கு. பணம் கைமாறுகிற கட்டணம் தனி.

2012 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் டபுள் ஃபைன் நிறுவனம் 4 லட்சம் டாலர் கேட்டது. இலக்கு ஒரே நாளில் எட்டப்பட்டது. மார்ச்சில் வசூல் முடிந்தபோது சுமார் 87 ஆயிரம் பேர் 33 லட்சம் டாலர் போட்டிருந்தார்கள். கேம் அதே ஆண்டு அக்டோபரில் வரும் என்பது வாக்கு. இடைத்தரகர் ஒழிந்தார், படைப்பாளியும் வாசகனும் நேருக்குநேர் சந்தித்துவிட்டார்கள் என்ற பெரும் விடுதலைக் கதையாடல் அன்று எழுந்தது. நம்மூரில் ஆஃப்செட் மலிவானபோது நாம் சொல்லிக்கொண்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

நடந்தது என்ன? 2013 ஜூலையில், கையிலுள்ள பணத்துக்கு மிகப் பெரிய கேமைத் திட்டமிட்டுவிட்டதாக நிறுவனத் தலைவர் டிம் ஷாஃபர் அறிவித்தார். கேம் இரண்டாக உடைக்கப்பட்டது. 'புரோக்கன் ஏஜ்' என்ற பெயரில் முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது. அதை விற்று வந்த காசையும் போட்டு, மறுபாதி 2015 ஏப்ரலில்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தொழிலில் ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு எல்லாச் செலவும் சேர்த்துப் பத்தாயிரம் டாலர் என்பது வழங்கிவந்த உத்தேசக் கணக்கு. பதினைந்து பேர் என்றால் மாதம் ஒன்றரை லட்சம். கேட்ட 4 லட்சம் மூன்று மாதத்துக்குக்கூட வராது. கிடைத்த 33 லட்சம் இருபத்திரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், அதுவும் கமிஷனும் பரிசுப்பொருள் செலவும் கழிக்காமல். பணம் எட்டு மடங்கு கிடைத்தது. ஆசை பத்து மடங்கு வளர்ந்தது. இங்கே திருட்டு எங்கே இருக்கிறது?

நாவலாசிரியர் நீல் ஸ்டீஃபன்சன் 'கிளாங்' என்ற வாள்சண்டை கேமுக்கு 2012இல் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். மாதிரி ஒன்று செய்து பார்த்தார்கள், விளையாடப் போதிய சுவாரசியம் இல்லை, 2014இல் கைவிட்டார்கள். 'யோக்வென்ச்சர்ஸ்' 2012இல் 5 லட்சத்து 67 ஆயிரம் டாலர் திரட்டி 2014இல் நின்றது. செய்த நிறுவனத்தின் தலைவர் தானே எழுதிய கணக்கின்படி, ஓவியர்களுக்கு ஆளுக்கு 35 ஆயிரம் டாலர் மொத்தமாக முன்பணம் தரப்பட்டது. அவர்களில் ஒருவர் இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டார். காசு போட்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது வேறு யாரோ செய்த வேறு ஒரு கேம். பட்டுப்புடவைக்குக் கட்டியவளுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்த மாதிரி.

இலக்கையே ஏன் குறைவாக வைக்கிறார்கள்? விதி அப்படி. உண்மையான செலவைச் சொன்னால் இலக்கை எட்டாமல் போகும் அபாயம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் 'ராஜி' என்ற கேமுக்கு 2017இல் இப்படி நிதி திரட்டிப் பார்த்தது. இலக்கு எட்டவில்லை, ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டாளிகளில் ஒருவர் வீட்டை விற்றுத்தான் வேலை தொடர்ந்தது; 2020இல் கேம் வெளிவந்தது. குறைத்துச் சொன்னால் பணம் வரும், ஆனால் போதாது. உண்மை சொன்னவனுக்குப் பூஜ்யம், குறைத்துச் சொன்னவனுக்கு லட்சம் என்கிற ஏற்பாட்டில் பொய்க்கணக்கு என்பது தனிநபரின் குணமல்ல, விதியின் விளைபொருள்.

விதிவிலக்கும் உண்டு. பண்டைய இந்தியாவை நினைவூட்டும் ஒரு கற்பனை நாட்டில் பஞ்சமும் சாதியும் அரசியலும் பேசுகிற 'அன்ரெஸ்ட்' கேமை இந்தியச் சிறு நிறுவனமான பைரோடாக்டில் 2013இல் அறிவித்தது. கேட்டது 3 ஆயிரம் டாலர்; கிடைத்தது 36 ஆயிரத்துச் சொச்சம். 2014 ஜூலையில் வெளியிட்டார்கள். சின்ன கேம், சின்னக் குழு. வந்த காசுக்காகத் திட்டத்தை ஊதிப் பெருக்காமல் இருந்தால் முடிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

3

இதற்கு நேரெதிர் முனையில் இருப்பது 'ஸ்டார் சிட்டிசன்'. 2012இல் நிதி திரட்டல் தொடங்கியது; 2014இல் வெளியீடு என்றார்கள். 2022இல் திரண்ட தொகை 50 கோடி டாலரைத் தாண்டியது. விளையாடிப் பார்க்கச் சோதனை வடிவங்கள் வந்துகொண்டிருந்தன. முடிந்த கேம் என்று ஒன்று 2024 முடிந்தும் வரவில்லை. இடையில் விற்கப்பட்டவை விண்கலங்கள். 2018இல் ஏறக்குறைய எல்லாக் கலங்களும் அடங்கிய தொகுப்பு ஒன்றின் விலை 27 ஆயிரம் டாலர். 2017 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: மனை விற்றார்கள். கேமுக்குள் வரப்போகிற கோள்களில் 4 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமம் 50 டாலர், அதைவிடப் பெரியது 100 டாலர். நிலத்தில் அந்த உரிமத்தை ஊன்றும் வசதி கேமுக்குள் அப்போது செய்யப்படவே இல்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இது புதுசா என்ன? கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் கலர் கொடி நட்டு, தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இலவச வேன் விட்டு, சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து மனை விற்ற காலத்தை நாம் பார்த்தவர்கள். அங்கே கல்லாவது நட்டிருந்தது. பிற்பாடு ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும், வராத ஃபிளாட்டுக்கு வங்கித் தவணையும் இருக்கிற வீட்டுக்கு வாடகையும் சேர்த்துக் கட்டியவர்களையும் பார்த்தோம்.

ஆனால் ஃபிளாட் விஷயத்தில் ஒன்று நடந்தது. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது. கட்டடம் எவ்வளவு எழும்பியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான், எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தந்த பிறகு, எடுக்கலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. இந்தச் சட்டத்தால் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வாக்குறுதிக்கும் வேலைக்கும் இடையில் ஒரு கயிறு கட்டலாம் என்று அது ஒப்புக்கொண்டிருக்கிறது. கூட்டுநிதியில் அந்தக் கயிறு இல்லை. இலக்கு எட்டியதும் பணம் மொத்தமாகக் கைமாறுகிறது. கேமுக்குப் பதில் 'கேம் வரும்' என்பதே விற்பனைப் பொருளாகிறது. வருகிறவரைதான் வாக்குறுதியை விற்க முடியும் என்றால், சீக்கிரம் முடிக்க யாருக்கு அவசரம்?

4

என் அக்கா மகன் சிட்லபாக்கத்தில் இருக்கிறான். ஒரு கம்பெனியில் வெளிநாட்டு கேம்களுக்கு மரம், பாறை, இடிந்த சுவர் செய்துகொடுக்கிற வேலை. ஏதோ ஒரு கேமுக்கு நாற்பது டாலர் போட்டுவிட்டு மூன்று வருஷமாகக் காத்திருந்தான். 'என்னப்பா ஆச்சு உன் கேம்?' என்றேன்.

'கடையில வாங்கின மாதிரியே பேசறீங்க மாமா. இது சப்போர்ட்.'

'சரி, சப்போர்ட் பண்ணவனுக்குக் கணக்கு காட்டுவாங்களா?'

'அதெல்லாம் கேக்க முடியாது மாமா. அப்டேட் வரும்.'

இந்த நான்கு வரிக்குள் விஷயம் இருக்கிறது. 2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே தான் ஒரு கடை அல்ல என்று தலைப்புப் போட்டு அறிவித்தது. கொடுக்கும்போது நீ நண்பன், தோழன், இந்தக் கனவின் பங்காளி. கேட்கும்போது நீ வாடிக்கையாளன்கூட இல்லை. கடன் கொடுத்தவனுக்கு வட்டி உண்டு, பங்கு வாங்கியவனுக்கு ஓட்டு உண்டு, பொருள் வாங்கியவனுக்கு நுகர்வோர் மன்றம் உண்டு. இவனுக்கு மூன்றும் இல்லை. சமூகம் என்கிற சொல்லாடல் உரிமையின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2014இல் அந்நிறுவனம் விதிகளை விரித்து எழுதியது: முடிக்க முடியாதவர் காரணம் சொல்ல வேண்டும், பணம் எப்படிச் செலவானது என்று காட்ட வேண்டும், மிச்சமிருந்தால் திருப்பித் தர வேண்டும். மிச்சம் இருந்தால்தானே? 2015இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் கூட்டுநிதி விவகாரத்தில் முதன்முறையாக நடவடிக்கை எடுத்தது. வீடியோ கேம் அல்ல, ஒரு பலகை விளையாட்டு. 1 லட்சத்து 22 ஆயிரம் டாலர் திரட்டியவர் அதில் வீட்டு வாடகை உள்ளிட்ட சொந்தச் செலவு செய்தார் என்பது குற்றச்சாட்டு. சட்டத்துக்குத் திருடனைத் தெரிகிறது. தப்புக்கணக்கு அதன் கண்ணில் படுவதில்லை.

எண்ணிக்கையை மிகைப்படுத்தவும் கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மோலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிதி கிடைத்த கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் சொன்னதைத் தராமலே போனவை சுமார் 9 சதவீதம். பத்தில் ஒன்பது ஏதோ ஒரு வகையில் வந்து சேர்கிறது. இதைச் சொல்லாமல் கூட்டுநிதியே மோசடி என்று எழுதுவது சோம்பேறி விமர்சனம். அதோடு, தாமதத்துக்கான வசவு கடைசியில் யார்மேல் விழுகிறது? என் அக்கா மகன் மாதிரி ராத்திரி பதினோரு மணிவரை மரம் செய்கிறவன்மேல். அவன் செய்யும் மரத்துக்குத் திட்டத்தில் என்ன விலை போட்டிருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.

5

இனி சீட்டு. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் பல தெருக்களில் நடப்பது. இருபது பேர், மாதம் 5 ஆயிரம், மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் 20 ஆயிரம் தள்ளி 80 ஆயிரத்துக்கு எடுக்கிறார். சீட்டு பிடிப்பவரின் கமிஷன் 5 ஆயிரம் போக மீதி 15 ஆயிரம் இருபது பேருக்கும், தலைக்கு 750. ஏலத்தில் எல்லோரும் உட்காருகிறார்கள், கணக்கு எல்லோர் முன்னும் சொல்லப்படுகிறது, கட்டியவர் ஒவ்வொருவரும் ஒருமுறை எடுக்கிறார். 1982இன் சீட்டு நிதிச் சட்டம் நடத்துபவரைச் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணை வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு ஏலத்துக்கும் எழுத்துக் குறிப்பு வேண்டும் என்கிறது.

இதைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. தெருச்சீட்டு பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துகொண்டு போன சீட்டுக்காரர்களின் கதை எல்லாப் பேட்டையிலும் உண்டு. அதைவிட முக்கியமானது, முகம் தெரிந்த நம்பிக்கை என்பது சாதி தெரிந்த நம்பிக்கையும்தான். யாரைச் சேர்க்கலாம் என்பதைத் தெரு முடிவு செய்கிறது. சொந்த வீடு உண்டா, எந்த ஊர்க்காரங்க, ஜாமீன் யாரு? நேற்று வாடகைக்கு வந்தவருக்கும், ஏரிக்கரைக் குடிசைக்காரருக்கும், தனியாக வாழும் பெண்ணுக்கும் அந்த வட்டத்தில் இடம் சுலபமில்லை. முகமற்ற கூட்டத்திடம் காசு கேட்பதில் உள்ள விடுதலை இங்கேதான் இருக்கிறது: அங்கே யாரும் ஊர்பேர் கேட்பதில்லை. ஒரு தலித் இளைஞனோ திருநங்கையோ தன் கதையை கேமாகவோ படமாகவோ செய்ய நினைத்தால் எந்தத் தெருவின் சீட்டும் அதற்கு உதவாது. கூட்டுநிதியை நான் தள்ளிவிடத் தயாராக இல்லாததற்குக் காரணம் இதுதான். சீட்டின் கணக்கு வேண்டும், சீட்டின் சாதி வேண்டாம்.

6

பாரதி 1920இல் தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதியாக வெளியிடத் திட்டமிட்டு அன்பர்களிடம் கடன் கேட்டான். கேட்டது கடன், மாதம் இரண்டு சதவீத வட்டி தருவதாகச் சொன்னான். யாரும் தரவில்லை, அடுத்த ஆண்டு செத்தும் போனான். ஆனாலும் அந்த வேண்டுகோளில் கொடுப்பவரின் இடம் தெளிவாக இருக்கிறது: அவர் கடன்காரர், அவருக்குப் பணம் திரும்ப வேண்டும். ஜான் ஆபிரகாமும் ஒடெஸா தோழர்களும் கேரளத்து மக்களிடம் திரட்டிய காசில் 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். படம் மக்களிடமே திரும்பிப் போனது. அங்கேயும் கொடுத்தவரின் இடம் தெளிவு: அது அவர்கள் படம். இரண்டிலும் இல்லாதது, நண்பன் என்று கூப்பிட்டு வாங்கிவிட்டு யாரோ என்று அனுப்புகிற அந்த இரட்டைத்தனம்.

நம் பக்கம் எப்படி? மூன்று இதழோடு நின்றுபோன பத்திரிகைகளின் ஆண்டுச் சந்தா என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகம் என்று நினைக்கிறோம். அப்படிக் கேட்க முடியாமல் இருப்பதைத் 'தோழமை' என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

எனவே பொதுக் காசில் கேமோ படமோ புத்தகமோ செய்ய வருகிற நம் இளைஞர்களிடம் நான் எதிர்பார்ப்பவை இவை. முதலில் சம்பளக் கணக்கு: எத்தனை பேர், எத்தனை மாதம், ஆளுக்கு எவ்வளவு. இரண்டாவது, பணம் கட்டம்கட்டமாக வெளியே வரட்டும். ஒரு கட்டம் முடிந்ததைக் காட்டினால் அடுத்தது. மூன்றாவது, கூடுதலாகக் காசு வந்தால் அது தாமதத்துக்கான இருப்பாக இருக்கட்டும், புதிய வாக்குறுதிக்கு வேண்டாம். நான்காவது, நின்றுபோனால் எங்கே நின்றது என்ற கணக்கும், அதுவரை செய்த வேலையும் பொதுவில் வைக்கப்படட்டும், அடுத்தவர் எடுத்துத் தொடரும்படி. சிறுபத்திரிகைகள் இதை நாளைக்கே தொடங்கலாம். வரவு இவ்வளவு, அச்சுச் செலவு இவ்வளவு, தபாலுக்கு இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கால் பத்தி போதும்.