எதிர்ச்சாட்சிக்கு எந்த நாற்காலி?

என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க ஒரே போரைப் பற்றிய புத்தகங்கள்: இலங்கையின் உள்நாட்டுப் போர். கோர்டன் வைஸின் ‘தி கேஜ்’ (2011) போட்லி ஹெட் வெளியீடு. பிரான்சிஸ் ஹாரிசனின் ‘ஸ்டில் கவுண்டிங் த டெட்’ (2012) போர்டோபெல்லோ. ரோகிணி மோகனின் ‘தி சீசன்ஸ் ஆஃப் ட்ரபிள்’ (2014) வெர்சோ. எல்லாம் லண்டன் பதிப்பகங்கள். அடேல் பாலசிங்கத்தின் ‘தி வில் டு ஃப்ரீடம்’ (2001) கூட லண்டன் ரூட்டிங்குக்குப் பக்கத்து மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்துதான் வெளிவந்தது. வன்னியில் நடந்த போர் தேம்ஸ் கரையில் புத்தகமாயிற்று. தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ (2016) மட்டும் நாகர்கோவில் காலச்சுவடு வழியாக வந்து சேர்ந்தது.

இவற்றில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இங்கே லண்டனில் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி: “எழுதின ஆள் எங்கட பக்கமோ?” 2009 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அந்தப் போரை எதிர்த்துப் பாராளுமன்றச் சதுக்கத்தில் குளிரிலும் மழையிலும் நின்ற சனம் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் புத்தகத்தை நிறுக்க அந்தத் தராசு உதவாது. நான் பார்ப்பது வேறொன்று. தன் வாதத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் சாட்சியை நூலாசிரியர் எங்கே உட்கார வைக்கிறார்? முன் வரிசையிலா, வாசலுக்கு வெளியிலா?

அடேலின் நூலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளுடைய அன்றாடத்தை அவ்வளவு கிட்ட நின்று பார்த்தவர் வேறு யாரும் ஆங்கிலத்தில் எழுதவில்லை. ஆனால் தலைமை எடுத்த முடிவு எதையும் அது கேள்விக்கு உட்படுத்துவதில்லை. ஆவணமாக வைத்திருக்கலாம், வரலாறாக நம்ப முடியாது.

வைஸ், போரின் கடைசிக் காலத்தில் கொழும்பில் ஐ.நா.வின் பேச்சாளர். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியதையும், 2009 ஜனவரியில் உணவு லொறிகளோடு போன ஐ.நா. ஊழியர்கள் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவிக்கப்பட்ட இடத்திலேயே ஷெல் மழைக்குள் அகப்பட்டதையும் அவர் அடுக்கும் விதத்தில் ஒரு அலுவலகம் எப்படிக் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது தெரிகிறது. எண்ணிக்கையில் அவருக்கு நிதானம் உண்டு. செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் இடையில் என்று வரம்புதான் போடுகிறார். மேடைக்கு ஏற்ற ஒற்றை எண்ணைத் தருவதில்லை. ஐ.நா. உள்ளுக்குள் எண்ணி, அப்போது வெளியிடாமல் வைத்திருந்த தொகை மே 13 வரை 7,721. அதை மறைத்த அலுவலகத்தை நூல் அளந்த அளவுக்கு, அந்த அலுவலகத்தின் குரலாக இருந்த தன்னை அளக்கவில்லை என்பதே என் குறை.

ஹாரிசன் முன்னாள் பிபிசி நிருபர். தப்பி வந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கதை கேட்கிறார்: மருத்துவர், கன்னியாஸ்திரி, ஆசிரியர், கடைக்காரர். கட்டாய ஆட்சேர்ப்பை அவர் மறைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரே சுருதி. ஏழாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆளின் முகம் மறந்துபோகிறது. சமாதான காலத்திலிருந்து தனக்குப் பழக்கமான, புலிகளின் சமாதானச் செயலகத் தலைவர் புலித்தேவனைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும் கை நடுங்குகிறது. நிருபர் அங்கே சறுக்குகிறார். எனக்கு அதுதான் புத்தகத்தின் நல்ல இடம்.

எழுத்தென்று பார்த்தால் ரோகிணி மோகனை மற்றவர் யாரும் கிட்ட நெருங்க முடியாது. கொழும்பில் பட்டப்பகலில் பிடித்துக்கொண்டு போகப்படும் சர்வா, அவனுடைய தாய் இந்திரா, முன்னாள் போராளி முகில். மூன்று பேர்தான். ஆண்டுக்கணக்கில் அவர்கள் பின்னால் போயிருக்கிறார். போர் முடிந்த பிறகும் முடியாத வாழ்க்கையைச் சொன்னது இந்த நூல்தான். பத்திரத்துக்கும் படிவத்துக்கும் முகாம் வாசலுக்குமாக அலைவதும், மகன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்த பிறகும் தாயின் நெஞ்சு ஆறாததும் அதில் இருக்கின்றன. என் தொந்தரவு வேறு. அந்தந்தக் கணத்தில் முகில் மனதுக்குள் என்ன நினைத்தாள் என்று நாவலாசிரியரின் உறுதியோடு எழுதப்பட்டிருக்கிறது. சொன்னவள் முகில், சரி. ஆனால் சொன்னது நடந்து வருடங்கள் கழித்து. இடையில் ஞாபகம் செய்த வேலை எங்கே? “அவள் இப்படிச் சொன்னாள், என்னால் சரிபார்க்க முடியவில்லை” என்றொரு வரி பக்கத்தின் அழகைக் கெடுக்கும்தான். புனைவல்லாத நூல் அந்தக் கெடுதலைத் தாங்கியாக வேண்டும்.

தமிழினிக்கு வேறு நீதி வேண்டும். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். தடுப்பிலும் புனர்வாழ்விலும் நான்கு ஆண்டுகள். 2015 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். நூல் பிறகு வந்தது. வந்த உடனே, இது அவர் எழுதியதுதானா என்று இங்கே சிலர் கிளப்பினார்கள். இயக்கத்தின் பிழைகளை அவர் சொல்கிறார் என்பதைத் தாங்கமுடியாதவர்களுக்கு அது வசதியான கேள்வி. என்னைத் தடுத்தது வேறு: பிழைகளுக்கு எழுவாய் பெரும்பாலும் ‘இயக்கம்’; ‘நான்’ வரவேண்டிய இடங்களில் வாக்கியம் சற்று ஒதுங்கி நடக்கிறது. ஆனால் இலங்கையில் கண்காணிப்புக்குள் இருந்து எழுதியவர் அவர். எந்த மௌனம் அவருடையது, எது பயத்தினுடையது என்று ரூட்டிங் சோபாவில் சாய்ந்துகொண்டு என்னால் பிரிக்க முடியாது. அதனால் தீர்ப்பை ஒத்திவைக்கிறேன், தள்ளுபடி செய்யவில்லை.

இத்தனையையும் தாண்டி மேலே நிற்பது தட்டிலேயே மிகப் பழையது, மிக மோசமாகத் தொகுக்கப்பட்டது: ‘முறிந்த பனை’. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகிய நால்வர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள், எழுதியது. ஆங்கில மூலம் 1990இல் அச்சானது. சொன்னதையே திரும்பச் சொல்கிறது. நாலு கைகள் எழுதியது நாலு நடையில் தெரிகிறது. ஆனால் 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, இந்திய ஆமி யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் சுட்டுக்கொன்றதைச் சொல்லும் அதே நூல், சனத்தின் நடுவிலிருந்து அடித்துவிட்டு விலகிப்போன புலிகளின் உத்தியையும் விட்டுவைக்கவில்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று சமன்செய்து கழிக்கவுமில்லை. எதிர்ச்சாட்சி இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாட்சி அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கும். வைஸும் ஹாரிசனும் தாங்கள் எழுதிய சனத்தோடு மறுநாள் தண்ணி அள்ளப் போகத் தேவையிருக்கவில்லை.

ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த மரணத்தைக் காட்டிப் புத்தகத்தை உயர்த்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொலை ஒரு நூலுக்கு மதிப்பெண் போடாது. அவர் உயிரோடிருந்து, இன்று லிவர்பூலிலோ யாழ்ப்பாணத்திலோ ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தாலும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயம் இதே உயரத்தில்தான் நிற்கும். வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றி எழுதும்போது அவர் இரக்கத்தை நம்பவில்லை; ஊர் அவர்களை என்ன செய்தது என்று கேட்டார்.

புதிதாக வாசிக்க வருபவர்கள் ‘முறிந்த பனை’யின் முதல் பாகத்தின் வரலாற்றுப் பகுதியில் மாட்டிக்கொண்டு கைவிட்டுவிடுவார்கள். இரண்டாம் பாகத்தில் ராஜினியின் அந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ரோகிணி மோகன். வைஸ் அதற்கும் பிறகு.